சீனப் பேரரசு எப்படி ஆளப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கி.மு. 221-இல் சின் நாட்டு அரசன் மற்ற ஆறு நாடுகளையும் வென்று முதல் பேரரசனானான். 1912 பிப்ரவரி 12-இல், ஆறு வயதுச் சிறுவனான பூயியின் பெயரால் முடிதுறப்பு ஆணை வெளியானது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட 2,100 ஆண்டுகளைப் பற்றி நம்மிடையே பேசப்படுவது பெரும்பாலும் நெடுஞ்சுவரும் அரண்மனையும் போர்களும்தான். அந்தச் சுவரைக் கட்டிய கூலியாளுக்கும் காவல் நின்ற வீரனுக்கும் சோறு எங்கிருந்து வந்தது, அதை யார் கணக்கெழுதி வசூலித்தார்கள் என்பதே சீன வரலாற்றின் முதுகெலும்பு என்பது என் உறுதியான எண்ணம். கீழே உள்ள கேள்விகள் அதைப் பற்றியவை.

2,100 ஆண்டுகளும் ஒரே அரசா ஆண்டது?

இல்லை. சின், ஹான், சுயி, தாங், சோங், யுவான், மிங், சிங் என்று பல அரச மரபுகள் மாறி மாறி ஆண்டன. ஹான் மரபு கி.பி. 220-இல் வீழ்ந்தபின் 589 வரை நாடு பெரும்பாலும் பிளவுண்டே கிடந்தது. யுவான் மங்கோலியருடையது, கடைசியாக வந்த சிங் மஞ்சூரியருடையது. ஆயினும், ஆள்பவர் மாறினாலும் ஆளும் முறையின் அடிப்படை அலகு மாறவில்லை. ‘ஷியான்’ எனப்பட்ட அந்த அலகு ஏறத்தாழ நம்முடைய வட்டம் போன்றது. அதன் தலைவர் பரம்பரைச் சிற்றரசர் அல்லர். தலைநகரம் நியமித்து, தலைநகரமே திரும்ப அழைத்துக்கொள்ளக்கூடிய அதிகாரி. இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் பரப்பியது சின் அரசு. எழுத்து, எடை, அளவு, வண்டி அச்சின் அகலம் ஆகியவற்றை ஒரே சீராக்கியதும் அதுவே. சின் அரசு பதினைந்து ஆண்டுகளில் அழிந்தது. அதன் நிர்வாகச் சட்டகமோ நிலைத்துவிட்டது.

பேரரசர் நினைத்ததெல்லாம் நடந்ததா?

சட்டப்படி அவருக்கு மேல் யாரும் இல்லை. நடைமுறையில் அவர் கண்ணும் கையும் அதிகாரிகளே. தாங் காலத்தில் உருப்பெற்ற ஆறு அமைச்சகங்கள், அதாவது பணியாளர் நியமனம், வருவாய், சடங்கு, போர், தண்டனை, பொதுப்பணி ஆகியவை, சிங் மரபின் இறுதிக்காலம் வரை அதே பெயர்களில் இயங்கின. இவற்றுக்கு அப்பால் கண்காணிப்பு அவை ஒன்று இருந்தது. அதன் உறுப்பினர்கள் எந்த அதிகாரியின் மீதும் குற்றம் சாட்டலாம். பேரரசரையே எழுத்து மூலம் இடித்துரைக்கலாம். அப்படி இடித்துரைத்ததற்காக அரண்மனை வாயிலில் பிரம்படி பட்டு இறந்தவர்களும் உண்டு.

எல்லா அதிகாரத்தையும் ஒருவரே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மிங் மரபைத் தோற்றுவித்த ஹோங்வு பேரரசர் சான்று. சதிக் குற்றச்சாட்டின் பேரில் 1380-இல் தலைமையமைச்சரைக் கொன்ற அவர், அந்தப் பதவியையே ஒழித்தார். அதன் விளைவாக 1384-இல் எட்டே நாட்களில் 1,660 மனுக்கள், அவற்றில் 3,391 விவகாரங்கள், அவருடைய மேசைக்கு வந்து சேர்ந்தன. அவர் உழைப்பாளி என்பதால் சமாளித்தார். பின்வந்தவர்களுக்கு அந்த உடலும் மனமும் வாய்க்கவில்லை. செயலர்களாக அமர்த்தப்பட்ட அறிஞர்களும், கோப்புகளைக் கையாண்ட, விதை நீக்கப்பட்ட அரண்மனை ஏவலர்களும் அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். வாரிசு யார் என்பதில் அமைச்சர்களோடு பிணங்கிய வான்லி பேரரசர் பல்லாண்டுகள் அரசவைக்கு வராமலேயே இருந்தார். அப்போதும் வரி வசூலானது, தேர்வுகள் நடந்தன.

அதிகாரிகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்?

ஹான் காலத்தில் பரிந்துரை வழியாக. சுயி, தாங் காலங்களில் எழுத்துத் தேர்வு தொடங்கியது. சோங் காலத்தில் அதுவே முதன்மை வாயிலானது. விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டுவதும், கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக விடைத்தாளை வேறோர் எழுத்தர் முழுவதும் படியெடுத்த பின்னரே திருத்துபவரிடம் கொடுப்பதும் சோங் காலத்து ஏற்பாடுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இத்தனை கவலையோடு ஒரு தேர்வை நடத்தியிருக்கிறார்கள் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் பெண்களுக்கு அதில் இடமில்லை; இழிவாகக் கருதப்பட்ட சில தொழில்களைச் செய்த குடும்பங்களுக்கும் இல்லை. பல்லாண்டுகள் உழைக்காமல் படிக்க வசதியுள்ள குடும்பமே மகனை அந்த வாயில் வரை கொண்டு சேர்க்க முடிந்தது. சிங் காலத்தில் அரசுக்குப் பணம் தேவைப்பட்டபோது பட்டங்களும் பதவிகளும் விலைக்கு விற்கப்பட்டன.

அவ்வளவு பெரிய நாட்டை ஆள எத்தனை அதிகாரிகள் இருந்தார்கள்?

மிகச் சிலர். சீன அரசைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க முடியும் என்றால் நான் இதையே கேட்பேன்.

கி.பி. 2-ஆம் ஆண்டின் ஹான் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 5.96 கோடி, ஷியான் அளவிலான பகுதிகள் 1,587. சிங் மரபின் கீழ், 1850 வாக்கில், மக்கள்தொகை 43 கோடியை எட்டியிருந்தது. ஷியானும் அதற்கு இணையான பகுதிகளுமோ சுமார் 1,500 மட்டுமே. மக்கள் ஏழு மடங்கு பெருகினார்கள். ஆளும் அலகு பெருகவே இல்லை. முன்பு நாற்பதாயிரம் பேருக்கு ஒருவராக இருந்த ஷியான் ஆட்சியர், பின்னர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒருவரானார். வரி வசூல், வழக்கு விசாரணை, கொலைத் துப்பு, பள்ளி, பாலம், வெள்ளம், மழை வேண்டிச் செய்யும் வழிபாடு என்று எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு.

மேலும், அவர் சொந்த மாகாணத்தில் பணியாற்றக்கூடாது. சில ஆண்டுகளில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிடுவார். உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்க வந்த நல்ல விதி இது. ஆனால் ஊரின் பேச்சுமொழி கூடப் புரியாத ஒருவர், தலைமுறை தலைமுறையாக அதே அலுவலகத்தில் இருக்கும் எழுத்தர்களையும் சேவகர்களையும் நம்பியே காலம் தள்ள வேண்டியிருந்தது. அந்த எழுத்தர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. மனுவைப் பதிவுசெய்ய ஒரு தொகை, அழைப்பாணை கொண்டுவர ஒரு தொகை, ரசீதுக்கு ஒரு தொகை என்று மக்களிடம் வாங்கியே அவர்கள் பிழைத்தார்கள்.

ஆட்சியரின் நிலையும் இதுவே. சிங் காலத்தில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 45 லியாங் வெள்ளி. ஒரு லியாங் என்பது சுமார் 37 கிராம். சட்டமும் கணக்கும் தெரிந்த தனி ஆலோசகர்களுக்கு அவரே தம் கையிலிருந்து ஊதியம் தர வேண்டும். அவர் என்ன செய்வார்? மக்கள் வரியாகக் கட்டும் வெள்ளித் துண்டுகளை உருக்கிக் கட்டியாக்கும்போது சிறிது குறைகிறது என்று சொல்லிக் கூடுதலாக வசூலிப்பார். நகைக்கடையில் நாம் கொடுக்கும் சேதாரத்தைப் போன்றதுதான் இது. உண்மையான இழப்பைவிட வசூல் பல மடங்கு.

யோங்ஜெங் பேரரசர் (ஆட்சி 1722–1735) இந்தப் பொய்யை நேருக்கு நேர் பார்த்தார். 1724-இல் அந்தச் சேதார வரியைச் சட்டபூர்வமாக்கி, அளவை வரையறுத்து, மாகாணக் கருவூலத்தில் சேர்த்து, அதிலிருந்து அதிகாரிகளுக்கு ‘நேர்மையைப் பேணும் வெள்ளி’ என்ற பெயரில் பழைய சம்பளத்தைப் போல் பல மடங்கு தொகையை வழங்கினார். நேர்மையாக இரு என்று உபதேசிப்பதைவிட நேர்மையாக இருக்கத் தேவையான வருமானத்தைக் கொடுப்பது மேல் என்று கண்ட அந்த ஆணையை, சிங் ஆட்சியின் மிகச் சிறந்த சீர்திருத்தமாக நான் கருதுகிறேன். அடுத்த ஆட்சியில் மைய அரசு அந்த நிதியில் கை வைத்தது, விலைவாசியும் ஏறியது, பழைய வசூல்கள் திரும்பி வந்தன.

நிலவரி எப்படிக் கணக்கிடப்பட்டது?

தொடக்கத்தில் ஆளைக் கணக்கிட்டார்கள், பிற்பாடு நிலத்தைக் கணக்கிட்டார்கள் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தாங் அரசின் சம நில முறையில் வயதுவந்த ஆண் ஒருவருக்கு 100 மு (சீன நில அளவு) நிலம் உரியது. அதற்கு ஈடாக அவர் ஆண்டுக்கு 2 ஷி (முகத்தல் அளவு) தானியம், ஒரு குறிப்பிட்ட நீளத் துணி, 20 நாள் உழைப்பு ஆகியவற்றைத் தர வேண்டும். இது நடக்க, யார் எங்கே இருக்கிறார் என்ற பதிவேடு பிசகாமல் இருக்க வேண்டும்.

755-இல் ஆன் லூஷான் என்ற எல்லைத் தளபதியின் கலகம் வெடித்தது. 755-இல் பதிவேட்டிலிருந்த மக்கள் 5.29 கோடி; 760-இல் 1.7 கோடி. இந்த வேறுபாட்டை எடுத்துக்கொண்டு மூன்றரைக் கோடிப் பேர் இறந்தார்கள் என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் பெருமளவு செத்துப்போனது பதிவேடுதான். மக்கள் இடம்பெயர்ந்தார்கள்; பல மாகாணங்கள் தளபதிகளின் கைக்குப் போய்க் கணக்கு அனுப்புவதையே நிறுத்திக்கொண்டன. ஆகவே 780-இல் அமைச்சர் யாங் யான், ஆளை விட்டுவிட்டு உடைமையின் அளவைப் பார்த்துக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் இரு தவணையாக வசூலிக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

மிங் காலத்தில் 110 குடும்பங்களை ஓர் அலகாக்கி, அவற்றுள் வசதியான பத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒன்றாக வசூல் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 1381-இல் விதித்தார்கள். நாளடைவில் அது சிதைந்து, பலவகை வரிகளும் கட்டாய வேலையும் வெள்ளியாகக் கட்டும் ஒரே தொகையாகத் திரண்டன. மிங் அரசின் தலைமைச் செயலர் ஜாங் ஜூஜெங் 1581-இல் அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார். சிங் பேரரசர் காங்ஷி 1712-இல், ஆள்வரியின் மொத்தத் தொகை இனி உயராது என்று அறிவித்தார். மக்கள் மனம் குளிர்ந்தார்கள். ஆனால் பெருகும் நாட்டை ஆளப் பெருகாத வருவாய் என்ற கட்டு அன்றே விழுந்துவிட்டது.

உப்புக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம்?

நிலத்தை மறைக்கலாம், மகனைப் பதிவேட்டில் சேர்க்காமல் விடலாம். உப்பில்லாமல் உண்ண முடியாது. உப்பு விளையும் இடங்களோ சில. அந்த இடங்களைக் காவல் காத்தால் நாட்டின் ஒவ்வோர் அடுப்பிலிருந்தும் வரி வந்துவிடும்.

ஹான் பேரரசர் வூ வடக்கே ஷியோங்னு மக்களோடு நடத்திய நெடும்போர்களால் கருவூலம் வற்றியபோது, கி.மு. 119-ஐ ஒட்டி உப்பும் இரும்பும் அரசின் தனியுரிமையாயின. அதை முன்னின்று நடத்தியவர்களில் தலையானவர் வணிகக் குடும்பத்தில் பிறந்த சாங் ஹோங்யாங். வூ இறந்தபின், கி.மு. 81-இல், நாடெங்கிலுமிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கற்றறிந்தோர் தலைநகருக்கு அழைக்கப்பட்டு, மக்களின் துன்பம் என்ன என்று கேட்கப்பட்டார்கள். அரசு வார்க்கும் இரும்புக் கருவிகள் மழுங்கியவை, விலை அதிகம், உழவர்கள் மரக்கருவியால் களையெடுக்கிறார்கள், அரசன் குடிகளோடு ஆதாயத்துக்குப் போட்டியிடலாமா என்று அவர்கள் வாதிட்டார்கள். எல்லைக் காவலுக்கு யார் பணம் தருவது, அரசு விலகினால் அந்த ஆதாயம் உழவனுக்கா போகும், பெரும்பணக்காரனுக்கல்லவா போகும் என்று சாங் ஹோங்யாங் திருப்பிக் கேட்டார். மதுவின் மீதான தனியுரிமை கைவிடப்பட்டது. உப்பும் இரும்பும் பெரும்பாலும் அரசிடமே தங்கின. மறு ஆண்டே சாங் ஹோங்யாங் ஒரு சதிவழக்கில் சிக்கிக் கொல்லப்பட்டார். இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதால்தான் அந்த வாதம் ஈராயிரம் ஆண்டுகளாக ஓயவில்லை.

தாங் அரசு 758-இல் உப்பைத் திரும்பக் கைப்பற்றியபோது ஒரு தோவு (முகத்தல் அளவு) உப்பின் விலை 10 காசிலிருந்து 110 காசானது. பின்பு பொறுப்பேற்ற லியூ யான், உப்பை வீடுவரை அரசே கொண்டுபோய் விற்பதைக் கைவிட்டார். உற்பத்தியிடத்திலேயே வரியையும் விலையில் சேர்த்து வணிகர்களிடம் விற்றுவிடுவது, அதன்பின் அவர்கள் எங்கு வேண்டுமானாலும் கொண்டுசெல்லட்டும் என்பது அவர் முறை. ஆண்டுக்கு 4 லட்சம் சரமாக இருந்த உப்பு வருவாய் 779 வாக்கில் 60 லட்சம் சரத்தைத் தாண்டியது. சரம் என்பது ஆயிரம் காசுகளைக் கோத்தது. அரசின் மொத்த வருவாயில் அது பாதி. ஆனால் விலை ஏறிய இடத்தில் கள்ள உப்பு வரும். 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டையே உலுக்கித் தலைநகர் சாங்ஆனைக் கைப்பற்றிய ஹுவாங் சாவோ ஒரு கள்ள உப்பு வணிகர். தாங் மரபு அந்த அடியிலிருந்து மீளாமல் 907-இல் முடிந்தது.

வாங் ஆன்ஷி என்ன செய்ய முயன்றார்?

வாங் ஆன்ஷி சோங் பேரரசரின் அமைச்சர். 1069 முதல் அவர் கொண்டுவந்த புதிய சட்டங்களில் பெயர்பெற்றது ‘பசும்பயிர்க் கடன்’. விதைப்புக் காலத்தில் கந்துவட்டிக்காரரிடம் போகும் உழவருக்கு அரசே 20 சதவீத வட்டியில் கடன் தந்து அறுவடையில் திரும்பப் பெறும். நோக்கம் நல்லது. ஆனால் எவ்வளவு கடன் கொடுத்தார் என்பதைக் கொண்டு அதிகாரியை மதிப்பிடத் தொடங்கியதும், வேண்டாதவர் தலையிலும் கடன் கட்டப்பட்டது. அவரை எதிர்த்த சிமா குவாங் 1085-க்குப் பின் அதிகாரத்துக்கு வந்து எல்லாவற்றையும் அழித்தார். கட்டாய வேலைக்குப் பதில் பணம் கட்டும் சட்டத்தையாவது விட்டுவையுங்கள் என்று மன்றாடியவர் கவிஞரும் அதிகாரியுமான சூ ஷி. அவரும் வாங் ஆன்ஷியை எதிர்த்தவர்தான். அவர் சொல்லும் எடுபடவில்லை.

காகிதப் பணத்தைச் சீனர்கள்தான் முதலில் பயன்படுத்தினார்களா?

ஆம். சிச்சுவானில் புழங்கியது செப்புக்காசு அல்ல, இரும்புக்காசு. கனமோ அதிகம், மதிப்போ குறைவு. துணி வாங்கப் போனால் காசைச் சுமக்கவே ஆள் வேண்டும். செங்து நகர வணிகர்கள் காசை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டே கைமாறத் தொடங்கியது. சில வணிகர்கள் திருப்பித் தர முடியாமல் தவித்தபோது அரசு அதைத் தன்வசப்படுத்தி, 1024-இல் 12,56,340 சரம் மதிப்புக்குச் சீட்டுகளை வெளியிட்டது. அதற்கு 3,60,000 சரம் காசு இருப்பாக வைக்கப்பட்டது. சீட்டுக்குக் காலவரம்பும் உண்டு.

இந்தக் கட்டுப்பாடு இருந்தவரை சீட்டு மதிப்போடு இருந்தது. போர்ச்செலவு வந்தபோதெல்லாம் அது தளர்ந்தது. 1375-இல் மிங் அரசு வெளியிட்ட நோட்டை வெள்ளியாகவோ செம்பாகவோ மாற்றிக்கொள்ளவே முடியாது. அடுத்த நூற்றாண்டுக்குள் அது ஏறக்குறைய வெறும் தாளாகிவிட்டது.

அப்படியானால் வெள்ளி எப்படி வந்தது?

அரசு கொடுத்த பணம் பொய்த்ததால் மக்கள் தாங்களாகவே வெள்ளிக்கு மாறினார்கள், வரியும் வெள்ளியானது. சீனாவில் வெள்ளிச் சுரங்கம் குறைவு. ஜப்பானிலிருந்தும், 1571-இல் ஸ்பானியர் மணிலாவில் நிலைகொண்டபின் பசிபிக் வழியாகத் தென்னமெரிக்காவிலிருந்தும் வெள்ளி வந்தது. பட்டும் பீங்கானும் வெளியே போயின.

இதன் கசப்பு 19-ஆம் நூற்றாண்டில் தெரிந்தது. பிரித்தானியர் இந்தியாவில் விளைவித்து விற்ற அபினுக்கு விலையாக வெள்ளி வெளியேறத் தொடங்கியது. உழவர் தம் விளைச்சலைச் செப்புக்காசுக்கு விற்று, வரியை வெள்ளிக் கணக்கில் கட்ட வேண்டும். நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லியாங் வெள்ளிக்குச் சுமார் ஆயிரம் காசு. 1840-களில் ஈராயிரத்துக்கும் மேல். அரசு வரியை ஒரு காசுகூட உயர்த்தவில்லை. உழவரின் சுமையோ இரட்டிப்பானது.

வணிகர்கள் இழிவாக நடத்தப்பட்டார்களா?

அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற வரிசையில் வணிகருக்குக் கடைசி இடம் என்பது ஏட்டளவில் உண்மை. ஆனால் மிங் அரசு தன் வட எல்லைப் படைக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேர்த்த வணிகர்களுக்கே உப்பு விற்கும் உரிமைச் சீட்டைக் கொடுத்தது. ஷான்ஷி, ஹுயிசௌ வணிகர்கள் அதில் பெருஞ்செல்வம் சேர்த்தார்கள். மகன்களைத் தேர்வுக்கு அனுப்பினார்கள்.

கடல் வணிகத்தில் தமிழர்களுக்குப் பங்கு உண்டா?

உண்டு, கல்லில் பதிந்த சான்றோடு. சோங் அரசு 971-இல் குவாங்சௌவிலும் 1087-இல் சுவான்சௌவிலும் கடல் வணிக அலுவலகங்களை அமைத்தது. வரும் சரக்கில் ஒரு பங்கு வரியாக எடுக்கப்படும். சிலவற்றை அரசே வாங்கிக்கொள்ளும். சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சோங் அரசவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் பதிவுசெய்துள்ளன. சுவான்சௌவில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. மிங் காலத்தில் கடற்படைத் தலைவர் செங் ஹே தம் கப்பல்களோடு வந்தபோது இலங்கையின் காலியில் நாட்டிய, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் உள்ளன. அதன் தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரான திருமாலுக்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது. 1433-க்குப் பின் அத்தகைய பயணங்கள் நின்றன, வணிகர்கள் நிற்கவில்லை.

பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்தது?

அறுவடையில் விலை வீழும்போது தானியத்தை வாங்கிச் சேர்த்து, விலை ஏறும்போது விற்கும் ‘நிலைவிலைக் களஞ்சியம்’ கி.மு. 54-இலேயே ஹான் அரசில் தோன்றியது. சிங் அரசு 18-ஆம் நூற்றாண்டில் அதை ஷியான்தோறும் பரப்பியது. 1743–44-இல் தலைநகரைச் சூழ்ந்த ஜிலி மாகாணத்தில் வறட்சி கண்டபோது, களஞ்சியத் தானியத்தோடு பெருங்கால்வாய் வழியாகத் தெற்கிலிருந்து வந்த வரித்தானியத்தையும் சேர்த்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்து மாதந்தோறும் வழங்கினார்கள். அந்தக் காலத்து உலகில் இதற்கு ஈடான நிவாரணப் பணியைக் காண்பது அரிது.

1876–79-இல் வட சீனாவில் மழை பொய்த்தபோது நிலைமை வேறு. தாய்ப்பிங் உள்நாட்டுப் போரில் (1850–1864) களஞ்சியங்கள் காலியாகியிருந்தன. மஞ்சள் ஆறு 1855-இல் தடம் மாறிப் பெருங்கால்வாயைச் சிதைத்திருந்தது. மலைப்பாங்கான ஷான்ஷிக்குத் தானியம் போய்ச் சேரவில்லை. இறந்தவர்கள் 90 லட்சத்திலிருந்து 1.3 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதே ஆண்டுகளில்தான், அதே பசிபிக் வெப்பமாற்றத்தால், சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது.

கடைசியில் அரசின் நிதி எப்படிச் சரிந்தது?

1753-இல் சிங் வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலவரி. 1908-இல் அது மூன்றில் ஒரு பங்குதான். இடையில் தாய்ப்பிங் போருக்காக 1853-இல் தொடங்கிய சுங்கச்சாவடி வரி மாகாணங்களின் கையில் நின்றுவிட்டது. துறைமுகச் சுங்கத்தை வெளிநாட்டு அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 1895-இல் ஜப்பானிடம் தோற்றதற்கு 20 கோடி லியாங், 1901-இல் எட்டு நாட்டுப் படைகளிடம் தோற்றதற்கு 45 கோடி லியாங் இழப்பீடு சுமத்தப்பட்டது. 1905-இல் பழைய தேர்வு முறை ஒழிக்கப்பட்டதும் படித்த குடும்பங்களை அரசவையோடு கட்டியிருந்த கயிறும் அறுந்தது. சிச்சுவானில் ரயில்பாதை போட நிலத்தின் விளைச்சலிலிருந்தே கட்டாயப் பங்குத்தொகை பிடித்திருந்தார்கள். 1911 மே மாதம் அந்தப் பாதையை மைய அரசு எடுத்துக்கொண்டு, பங்குதாரருக்கு முழுத்தொகையைத் தர மறுத்தது. சிறு நிலக்காரர் வரை எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். அதை அடக்க ஹூபேயிலிருந்து படைகள் சிச்சுவானுக்கு அனுப்பப்பட்டிருந்த வேளையில்தான், அக்டோபர் 10-இல், ஹூபேயின் வூசாங் நகரில் எஞ்சியிருந்த படைவீரர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.